டிரஸர் ஐயா பதில்கள்: நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு வேட்டை

இந்த மாதம் ஒரே கடிதத்துக்குப் பாதிப் பக்கத்துக்கு மேல் எழுதிவிட்டேன். வந்திருந்த மற்ற சில கேள்விகளும் அதே விஷயத்தைத் தொட்டிருந்ததால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 58 வயது. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தோம். அங்கேயே வாட்ஸ்அப் குழு தொடங்கி, மூன்று நாள் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போவதாக முடிவாகிவிட்டது. இடைநிலைப் பள்ளியில் எங்களோடு படித்த மலாய் நண்பருக்கு கெடா, சிக் பக்கத்தில் துரியான் தோப்பு இருக்கிறது. பன்றித் தொல்லை தாங்கவில்லை, வாருங்கள் என்று அவரே கூப்பிடுகிறார். எங்களில் இருவரிடம் துப்பாக்கி உரிமம் உண்டு. நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. "கவலைப்படாதே, உனக்கும் ஒரு வெடி தருகிறேன்" என்கிறான் ஒருவன். எனக்குச் சர்க்கரை நோய். இன்னொருவனுக்கு இதய பைபாஸ் ஆகி இரண்டு வருஷம். "இந்த வயசுல காட்டுல என்ன வேலை?" என்கிறாள் மனைவி. போகலாமா?
– வாசகர், பாயான் பாரு

பதில்: போய் வாருங்கள், தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் எழுதப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

நான் 1974 முதல் 1996 வரை தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தேன். பழைய பால்மரங்களை (ரப்பர்) வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டுக்கொண்டிருந்த காலம் அது. கன்று நட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, பன்றி வந்து கிளப்பிப் போட்டுக் குருத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதுதான் பேச்சு. அதனால் துரையே, உரிமம் வைத்திருந்த இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக்கு அனுப்புவார். அவர்களோடு ஆறேழு பேர், எட்டுப் பத்து நாய்கள், அப்புறம் மருந்துப் பெட்டியோடு நான்.

கிளம்பும் முன் முனியாண்டி கோயிலில் சுருட்டுப் பற்ற வைத்துவிட்டுத்தான் எல்லைக் கம்பியைத் தாண்டுவோம். நாய்கள் மோப்பம் பிடித்துக் குரல் மாற்றிக் குரைக்கும். அந்தக் குரல் மாற்றத்தைக் கேட்டே "குட்டிகளோட நிக்குது", "தனியன் மாட்டிக்கிச்சு" என்று நாய்க்காரர் சொல்லிவிடுவார். தனியன் என்றால் கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் ஆண் பன்றி. அதன் கீழ்த்தாடைக் கொம்பு மேல் கொம்போடு உரசி உரசிக் கத்தியாகவே இருக்கும்.

பன்றி விழுந்தால் பங்கு போடுவதில் ஒரு கணக்கு உண்டு. சுட்டவருக்குத் தலையும் ஒரு பங்கும். நாய்க்காரருக்கு இரண்டு பங்கு, ஒன்று அவருக்கு, ஒன்று நாய்களுக்கு. கூட வந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு, ஓடினவனுக்கும் சரி, மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனுக்கும் சரி. கடைசியாக, லயத்தில் ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு வாழையிலையில் கட்டிய பொட்டலம். அதை முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் பங்கை எடுப்பார்கள். நான் ஒரு நாளும் சுட்டதில்லை. ஆனால் என் பங்கு ஒரு நாளும் குறைந்ததில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்: உங்களுக்கு அந்த "ஒரு வெடி" தேவையில்லை. வேண்டாம் என்று இப்போதே குழுவில் எழுதிவிடுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்தத் துப்பாக்கியைக் கையாளலாம். நண்பன் கையில் கொடுத்து "ஒன்று சுட்டுப் பார்" என்பது விளையாட்டு இல்லை. உரிமம் இல்லாத ஆளின் கையில் துப்பாக்கி இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு வரை சிறைக்கு அனுப்பும். கொடுத்தவருடைய உரிமமும் போகும். யாராவது நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்று சொன்னால், மலாய்க்காரர்கள் அதைப் பகாக்குக் என்பார்கள், அந்த ஆளோடு காரிலேயே ஏறாதீர்கள். அது முன்னால் வெடிக்குமா, முகத்தில் வெடிக்குமா என்று செய்தவனுக்கே தெரியாது. அப்படி வெடித்த இரண்டு கைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

சட்டத்தை விட முக்கியமான ஒன்றை இப்போது சொல்கிறேன். 1981-இல் நடந்தது. ஞாயிறு வேட்டை போதவில்லை என்று இரவில் காவல் இருக்கப் போனோம். இளஞ்செம்பனைக்கும் பழைய பால்மரக் காட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அதன் கரையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பன்றியின் கண் மானின் கண்ணைப் போல விளக்கில் மின்னாது. அதனால் இருட்டில் பன்றிக்குக் காத்திருப்பவர்கள் சத்தத்தையும் கறுப்பு உருவத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆபத்தே அங்கேதான். விடிய இன்னும் ரொம்ப நேரம் இருந்தது, நாலரை மணி இருக்கும். காய்ந்த ரப்பர் இலையில் சரசரவென்று சத்தம். ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்த முதுகு போல ஒரு கறுப்பு. துப்பாக்கி வைத்திருந்தவர் லாரி ஓட்டுநர், எங்களிலேயே நிதானமானவர். அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். அந்த நொடியில் அந்தக் கறுப்பு நிமிர்ந்து திரும்பியது. நெற்றியில் கார்பைட் விளக்கு. எங்கள் பெரிய லயத்து அக்கா.

குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்று பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன்னே கிளம்புவது வழக்கம். அன்றைக்கு அவருடைய நிரை, அதாவது அவர் வெட்ட வேண்டிய மர வரிசை, தூரத்தில் இருந்ததால் இன்னும் முன்னதாக வந்திருக்கிறார். விளக்கு மரத்தின் பக்கம் திரும்பியிருந்ததால் எங்களுக்கு வெளிச்சம் தெரியவில்லை. நாங்கள் அங்கே உட்காரப் போகிறோம் என்று கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை வேறு நிரைக்கு அனுப்பியிருப்பார்கள். ஓட்டுநர் துப்பாக்கியை மடக்கி, தோட்டாவை எடுத்து, என் கையில் கொடுத்தார். அவர் கை நடுங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த அக்கா எதுவும் நடக்காதது போல "என்ன தம்பிங்களா, இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். அன்றோடு எங்கள் தோட்டத்தில் இரவு வேட்டை நின்றது.

பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி இன்றும் நம் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் செத்தவர் சுட்டவருடைய நண்பராகவோ உறவினராகவோ இருப்பார். ஓர் எஸ்ஜி தோட்டாவில் ஒன்பது பெரிய ரவைகள். நூறடி தூரத்தில் அவற்றில் ஒன்று தொடையில் பட்டாலும் போதும். ஆகவே துப்பாக்கி வைத்திருக்கும் உங்கள் இரண்டு நண்பர்களிடமும் போகும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். தலை, உடம்பு, கால் என்று முழு உருவமும் தெரியும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தோப்பின் படத்தைத் தாளில் வரைந்து முடிவு செய்துவிட்டு, முடியும் வரை யாரும் இடம் மாறக் கூடாது, ஒன்றுக்குப் போகக்கூட. எல்லாருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை. பன்றிக்கு நிறம் சரியாகத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு உங்கள் மலாய் நண்பர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். துரியான் காலமாக இருந்தால் இரவில் பழம் பொறுக்க வருபவர்கள் இருப்பார்கள், அவர்களும் குனிந்துதான் நடப்பார்கள்.

பன்றி வேட்டைக்கும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலிட்டானிடம் உரிமம் வாங்க வேண்டும், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. துப்பாக்கி உரிமம் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது வேறு, இது வேறு. உரிமத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை ஆறு பேரும் படியுங்கள். தோப்பின் எல்லையோடு நில்லுங்கள். அதைத் தாண்டி வனக் காப்பு நிலத்தில் கால் வைக்க வேண்டுமானால் மாநில வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பத்தை அழித்தது என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பழைய நண்பர்கள் கூடினால் புட்டி திறக்காமல் இருக்காது, அது எனக்கும் தெரியும். துப்பாக்கியிலிருந்து தோட்டா எடுக்கப்பட்டு, துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டு, அன்றைய வேட்டை முடிந்தது என்று சொன்ன பிறகுதான் முதல் கிளாஸ். மறுநாள் விடியற்காலை வேட்டை இருந்தால் அதுவும் வேண்டாம்.

இப்போது உங்கள் உடம்பு. காட்டில் சாப்பாட்டு நேரம் தவறும், நடை கூடும், மருந்து மட்டும் வழக்கமான அளவில் உள்ளே போகும். அப்போதுதான் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் வந்தால் "களைப்புதான்" என்று விட்டுவிடாதீர்கள். சட்டைப் பையில் குளுகோஸ் மிட்டாய் இருக்கட்டும், அது எந்தப் பையில் என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியட்டும். காலுக்கு அடிடாஸ் கம்போங் என்று நாம் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி வாங்குங்கள். சேற்றில் அதை விட நல்லது கிடையாது. ஆனால் அது காலைக் கடிக்கும், உங்களுக்கு வலி தெரியாமல் போகலாம். உள்ளே நீளமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இரவும் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு உட்படப் பாருங்கள்.

பைபாஸ் ஆன நண்பர் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் வேறு மருந்தோ சாப்பிடுவார். அட்டை கடிக்கும்போது அதுவும் ரத்தம் உறையாமல் இருக்கும் ஒரு பொருளைத்தான் உள்ளே விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் சின்னக் கடிவாய் மணிக்கணக்கில் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவரை மேட்டில் ஓட விடாதீர்கள். கூடாரத்துக்கும் அடுப்புக்கும் அவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். மனம் நோகாது. நல்ல சமையல்காரன் இல்லாத வேட்டை உருப்பட்டதே இல்லை.

கெடா பக்கத்தில் கபாக் போடோ என்ற விரியன் உண்டு. காய்ந்த இலைமேல் சருகு நிறத்திலேயே படுத்துக் கிடக்கும், காலடி கேட்டாலும் நகராது, மிதித்தாலோ நெருங்கினாலோ கடிக்கும். கடித்தால் அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, 999-ஐ அழையுங்கள். வண்டி வர நேரமாகும் என்று தெரிந்தால் நீங்களே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பன்றிக் கொம்பு தொடையைக் கிழித்தாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 1983-இல் ஒரு நாய்க்காரருக்கு அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டே ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரி வரை போனேன். அடுத்த வருஷம் அவர் மகள் கல்யாணத்தில் எனக்கு முதல் பந்தி போட்டார்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. பதிலாக ஒரு தாளைக் கொடுங்கள்: ஆறு பேரின் பெயர், என்ன மருந்து, தோப்பு இருக்கும் இடம், மலாய் நண்பர் வீட்டுத் தொலைபேசி எண், திரும்பும் நாள். ஒவ்வொரு மாலையும் தொலைபேசி கிடைக்கும் இடத்துக்கு வந்து ஒரு முறை பேசுவேன் என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள்.

எங்கள் வேட்டைக் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, ஆளுக்கொரு தாமானாக (குடியிருப்பாக) பிரிந்த பிறகு ஒரு தடவைகூட ஒன்பது பேரும் சேர்ந்து உட்காரவில்லை. இப்போது மூன்று பேர் இருக்கிறோம். உங்களில் ஆறு பேரும் இருக்கிறீர்கள், தம்பி. தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: வேட்டைக்குப் போகும்போது மான் எதிரே வந்தால் விட்டுவிட முடியுமா? எங்கள் குழுவில் ஒருவர் "வந்தால் அதிர்ஷ்டம்" என்கிறார்.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: விட்டே ஆக வேண்டும். மிளா மானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் கொடுப்பதை 2009-இல் நிறுத்தினார்கள். காரணம், புலி. 1950-களில் நம் தீபகற்பத்தில் 3,000 புலிகள் வரை இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை தீபகற்பம் முழுக்கக் கேமரா வைத்துக் கணக்கெடுத்தபோது 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. மிளா மான்தான் புலிக்கு முக்கியமான இரை. நாம் அதைச் சுட்டால் புலியின் தட்டிலிருந்து எடுக்கிறோம். கண்ணி வைப்பதும் குற்றம். கண்ணிக்கு மான், புலி, பக்கத்து வீட்டு நாய் என்ற வித்தியாசம் தெரியாது. எழுபதுகளில் நானும் மான் கறி சாப்பிட்டவன். அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது.

கேள்வி: என் 14 வயது மகனுக்கு அவன் மாமா காற்றுத் துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். புறா சுடத்தானே, பரவாயில்லையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கூடாது, அம்மா. நம் நாட்டில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், அதற்கும் உரிமம் வேண்டும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது லஸ்திக் (கவண்) வைத்துத் திரிந்தோம், அதனாலேயே ஒற்றைக் கண்ணோடு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். மாமாவுக்கு ஆசை இருந்தால் ஒரு பைனாகுலர் வாங்கித் தரட்டும். செபராங் பிறை வயல்வெளிக்கு அழைத்துப் போனால் ஒரு காலைப் பொழுதில் எத்தனை பறவை என்று பையனே எண்ணி எழுதுவான்.

கேள்வி: கெளுவாங் வௌவால் கறி ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்று என் அத்தை சொல்கிறார். என் பேத்திக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் வௌவால் கறி சாப்பிட்டு ஆஸ்துமா தீர்ந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கறி சாப்பிட்டதால் இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மூச்சுத் திணறலோடு நடுராத்திரியில் தூக்கி வரப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். 1998, 1999-இல் நூறு பேருக்கு மேல் உயிரை எடுத்த நிப்பா கிருமி இந்தப் பழந்தின்னி வௌவால்களிடமிருந்துதான் பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் வந்தது. இன்னொன்று, துரியான் பூ இரவில் மலர்வது. அதற்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பது வௌவால்தான். பாலிக் புலாவில் பழம் சாப்பிடும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். பேத்திக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, மூடியைக் கழற்றி, நன்றாக ஆட்டி, அழுத்திக்கொண்டே மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்து வைக்கச் சொல்லிக் கொடுங்கள். பாதிப் பேருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு காட்டுப் பன்றி கறி சாப்பிடலாமா? சாப்பிடலாம் என்றால் தோட்டத்துப் பக்குவத்தையும் சொல்லுங்கள். எங்கள் அப்பா செய்வார், யாரும் எழுதி வைக்கவில்லை.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் முதலில் கண்டறியப்பட்டது, அந்த வருஷக் கடைசியில் தீபகற்பத்துக்கும் வந்தது. அது மனிதனைப் பிடிக்காது. ஆனால் உங்கள் காலணியிலும் கத்தியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஏறிப் பண்ணைக்குப் போகும். வேட்டை முடிந்து எல்லாவற்றையும் கழுவாமல் பன்றிப் பண்ணைப் பக்கம் போகாதீர்கள். காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். சுறுசுறுப்பாக ஓடிய பன்றியாக இருந்தாலும் கறியில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம், அதனால் உள்ளே கொஞ்சமும் சிவப்பு இல்லாமல் வேக வேண்டும்.

பக்குவம் இது. தோலோடு சின்னத் துண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு முதல் தண்ணீரில் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காட்டு வாடை அதோடு போகும். மறுபடி தண்ணீர் ஊற்றி, தட்டிய இஞ்சி, முழுப் பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டு ஒன்றரை மணி நேரம், வயசான பன்றியானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தோலில் நகம் இறங்க வேண்டும். அப்புறம் இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றாமல், அதன் கொழுப்பிலேயே சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, மல்லித்தூள் சேர்த்து, தேங்காயைப் பல் பல்லாகக் கீறிப் போட்டுச் சுண்ட விடுங்கள். தேங்காய்ப் பல் ஓரம் சிவந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அம்மியில் கொரகொரவென்று பொடித்த மிளகைக் கடைசியில் தூவுங்கள். முன்னாடியே போட்டால் கசந்துவிடும்.